முடிச்சூரில் தரைத்தள வீடு, இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார்: மழைக்கு முன் என்ன செய்துகொள்ள வேண்டும்?

சென்னைப் புறநகர் முடிச்சூரில் தரைத்தள வீடு. கைத்தடி ஊன்றி நடக்கும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் 74 வயது மாமியார். 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணிக்குப் போகும் கணவர். மழைக்காலத்துக்கு முன் ‘அவசரப் பை’யில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். அதன் கீழே போகிற போக்கில் மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள்: கணவர் காற்றடிக்கும் ரப்பர் படகு வாங்கலாம் என்கிறார், மாமியார் என்ன ஆனாலும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார், கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் அதற்கும் இதே பை போதுமா? உங்கள் கேள்வியின் உயிர் அந்த மூன்று வரியில்தான் இருக்கிறது. கணவர் இல்லாத ஓர் இரவில் தண்ணீர் ஏறினால், நடக்கச் சிரமப்படும் பெரியவரையும் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வேன் என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பை கடைசியில் வரட்டும்.

நான் சமூக மருத்துவம் படித்தவன். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தொடங்கி, தானே புயல், 2015 சென்னை வெள்ளம், கஜா புயல் என்று பேரிடர் மருத்துவ முகாம்களில் வேலை பார்த்திருக்கிறேன். நோய், தண்ணீர், மருந்து பற்றி உறுதியாகப் பேசுவேன். மின் இணைப்பும் கட்டட உறுதியும் என் துறை அல்ல. அவற்றில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு விதிகளை மட்டும் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு உரியதைத் தொழில் தெரிந்தவரை நேரில் அழைத்துக் காட்டிக் கேளுங்கள். இன்சுலின் அளவில் மாமியாரைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே இறுதி.

பேரிடரில் உயிரைக் காப்பது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: தண்ணீர் வருவதற்கு முன் கிளம்பிவிடுவது. ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதே கடற்கரையில் 2013இல் பைலின் புயல் கரையேறியபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் அந்த மக்கள் பெற்றது முன்னெச்சரிக்கையும், போய்ச் சேர ஓர் இடமும், ‘கிளம்பு’ என்று வீடு வீடாக வந்து சொல்ல ஆளும். வீட்டு அளவில் நீங்கள் செய்துகொள்ள வேண்டியதும் அதே மூன்றுதான்.

எப்போது கிளம்புவது என்பதை மழை பெய்யாத ஒரு நாளில், குடும்பமாக உட்கார்ந்து, எழுதி வையுங்கள். மழை நாளில் முடிவு எடுக்க முடியாது. ‘இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். முடிச்சூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னையில் வெள்ளம் என்றாலே தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தையும் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதையும் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். உங்கள் ஊர் அதற்கு மேலே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாறு வழியாக வருவது. செம்பரம்பாக்கம் திறக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால் அதற்குள் உங்கள் தெரு மூழ்கியிருக்கும். 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. அந்த அளவு பெய்யும்போது எந்த ஏரியும் தனியாகத் திறக்கத் தேவையில்லை.

உங்கள் விதி இப்படி இருக்கலாம்: செங்கல்பட்டு அல்லது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்து, மேலே உள்ள ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், அன்று மாலை 4 மணிக்குள் வீட்டைப் பூட்டிவிட வேண்டும். சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். கணவருக்கு அன்று இரவுப் பணி என்றால் அதற்கு ஒரு படி கீழான ஆரஞ்சு எச்சரிக்கைக்கே கிளம்புங்கள். நான்கு முறை கிளம்பி மூன்று முறை ஒன்றுமே ஆகாமல் திரும்பி வருவீர்கள். அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். பேசட்டும். இருட்டில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் திடகாத்திரமான ஆளையே சாய்த்துவிடும். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மாமியாருமாக நீங்கள் அதில் இறங்கக் கூடாது.

ரப்பர் படகு இதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஓடும் வெள்ளத்தில் படகைத் திருப்புவது பழகியவர்களுக்கே கடினம். தண்ணீருக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர் கம்பி, திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை, அறுந்து விழுந்த மின்கம்பி எதுவும் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, படகு இருக்கிறதே என்ற தைரியத்தில் கிளம்பாமல் இருந்துவிடுவது. அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இனி உங்கள் மாமியார். இந்தப் பதிலில் நான் அதிகம் யோசித்தது அவரைப் பற்றித்தான். வரமாட்டேன் என்று சொல்லும் பெரியவர்களைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுகிறோம். முகாம்களில் அவர்களோடு உட்கார்ந்து பேசியதில் எனக்குத் தெரிந்தது, பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கழிவறைதான். குந்தி உட்கார முடியாது, இரவில் மூன்று முறை எழுந்திருக்க வேண்டும், அடுத்தவர் வீட்டில் அதைச் சொல்லிக் கேட்க வெட்கம். முகாமில் வயதான பெண்கள் கழிவறைக்குப் போக வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோயாளிக்கு அது நீரிழப்பையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். மற்ற காரணங்களும் உண்டு: பூட்டிய வீட்டில் திருடு போகும் என்ற பயம், சாமி விளக்கு அணைந்து கிடக்குமே என்ற மனக்குறை, மகன் வீட்டை விட்டு இன்னொருவர் வீட்டில் போய்ப் படுப்பதா என்ற எண்ணம். உங்கள் மாமியாருக்கு இவற்றில் எது என்று கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிட உங்கள் கணவர் கேட்டால் ஒருவேளை சொல்வார்.

கழிவறைதான் காரணம் என்றால், மடக்கும் கமோட் நாற்காலி ஒன்றை இப்போதே வாங்கி, எந்த வீட்டுக்குப் போகப் போகிறீர்களோ அங்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அந்த வீடு மேட்டுப் பகுதியில், முதல் மாடியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். படிக்கட்டில் அவரால் ஏற முடிகிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். மழை இல்லாத ஒரு சனி ஞாயிறில் அவரை அங்கே விருந்துக்கு அழைத்துப்போய் ஓர் இரவு தங்க வையுங்கள். ஒருமுறை தங்கிய வீட்டுக்கு இரண்டாம் முறை வருவதில் தயக்கம் குறையும். பத்திரம், நகை பற்றிய கவலை என்றால் மழைக்காலம் முடியும்வரை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, சாவியை அவர் கையிலேயே கொடுங்கள். அந்த வீடு கிடைக்காமல் போனால் அடுத்த இடம் உங்கள் கட்டடத்தின் மாடி வீடு. அங்கே இருப்பவர்களிடம் இப்போதே வாய்விட்டுக் கேட்டு வையுங்கள்.

இன்சுலின் பற்றி நிறைய பயம் இருக்கிறது. அதில் பாதி தேவையற்றது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் குப்பியோ பேனாவோ 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே பொதுவாக நான்கு வாரம் வரை கெடாது. உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். சென்னையில் நவம்பர், டிசம்பர் மழை நாட்களில் வீட்டுக்குள் பெரும்பாலும் அதைவிடச் சூடு ஏறாது. அதனால் இரண்டு நாள் மின்சாரம் போய்விட்டது என்று இன்சுலினைத் தூக்கிப் போடாதீர்கள், அதைவிட முக்கியமாக, போடுவதை நிறுத்திவிடாதீர்கள். பனிக்கட்டி மேல் நேரடியாக வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது. மண்பானையில் வைக்கும் முறை நல்ல முறைதான், ஆனால் அது நீர் ஆவியாவதால் குளிர்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் மழை நாளில் அவ்வளவாகக் குளிராது. கோடைக்குத்தான் அது கைகொடுக்கும்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. வெள்ள நாளில் இன்சுலினை வழக்கம்போல் போட்டுவிட்டு, சாப்பாடு நேரத்துக்கு வராமல் போவது. வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குச் சொல்லுங்கள். சாப்பாடு குறையும் நாளில் எத்தனை யூனிட் போடுவது என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு, மருந்துச் சீட்டின் பின்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இன்னொன்று, பாதம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சாக்கடை கலந்த தண்ணீரில் கண்ணாடி கிழித்தாலும் தெரியாது. வெள்ளம் வடிந்து இரண்டு வாரத்தில் காலில் சீழோடு வருபவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். அவரை வெறுங்காலோடு தண்ணீரில் இறக்காதீர்கள். இறங்க நேர்ந்தால் அன்றே சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை நீங்கள் குனிந்து பாருங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாத்திரை வாங்குபவர் என்றால், அக்டோபரிலேயே கூடுதலாக ஒரு சுற்று மாத்திரை கேட்டுப் பாருங்கள்; காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

(இதைப் படிக்கும் வேறு யாராவது வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால்: எச்சரிக்கை வந்தவுடனே மையத்துக்குப் போன் போட்டு, முறையை ஒரு நாள் முன்னால் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பிரசவ தேதி நெருங்கிய பெண் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். புயலுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்துவிட வழி இருக்கிறது.)

மின்சாரத்தில் பலர் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை அணைத்தால் வீட்டில் மின்சாரம் இல்லை என்று நினைத்துத் தண்ணீரில் காலை வைப்பார்கள். இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும், தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே. படகுக்கு வைத்த பணத்தில் இன்வெர்ட்டரை உயரமான ஸ்டாண்டில் ஏற்றுங்கள், மின்கசிவைக் கண்டு தானே துண்டிக்கும் பிரேக்கரை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரைக் கட்டி வையுங்கள், அது மிதக்கும்.

தண்ணீருக்கு நான் சொல்லும் கணக்கு: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது மூன்று 20 லிட்டர் கேன். அது தீர்ந்தால் கொதிக்க வைத்த தண்ணீர். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும். எரிபொருள் இல்லை என்றால் குளோரின் மாத்திரை. 0.5 கிராம் மாத்திரை 20 லிட்டருக்கு என்பது வழக்கம், ஆனால் அளவு மாறும், அட்டையைப் படியுங்கள். கலங்கிய தண்ணீரை முதலில் மடித்த துணியில் வடிகட்டுங்கள்; கலங்கலில் குளோரின் சரியாக வேலை செய்யாது. போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். வெள்ளநீர் புகுந்த சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து சுகாதார ஆய்வாளர், தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்து 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) இருக்கிறது என்றால் சரி. அவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள், அது அவருடைய வேலை.

வெள்ளம் வடிந்த பிறகு வரும் நோய்களில் உறுதியானது எது, சந்தேகத்துக்கு இடமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். முதல் சில நாட்களில் வயிற்றுப்போக்கு வரும்; ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், பிள்ளைகளுக்கு 14 நாள் ஜிங்க் மாத்திரையும் உயிர் காக்கும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. பெரிய பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பு கூடிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் எலிக்காய்ச்சல் வரலாம்: காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. வெள்ளத்தில் நின்றேன் என்பதை மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். அதைத் தடுக்க வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் கொடுப்பதுண்டு, 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் பரவலாகக் கொடுத்தார்கள். தண்ணீரில் நாள் முழுக்க நிற்கும் மீட்புப் பணியாளருக்கு நான் சொல்வேன். ஒருமுறை கால் நனைந்த எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உங்கள் 4 வயதுக் குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

டெங்கு இன்னும் தாமதமாக, எல்லோரும் வெள்ளத்தை மறந்த பிறகு வரும். முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் சங்கிலி அறுந்துவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி கொள்ளும் அந்த நாளில்தான் வயிற்று வலி, வாந்தி, சோர்வு, ரத்தக் கசிவு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நிலவேம்புக் கசாயத்தையும் பப்பாளி இலைச் சாற்றையும் பற்றிக் கேட்பார்கள்: டெங்கு மரணத்தைத் தடுக்கும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை, அவற்றை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. தெருவோரம் வெள்ளைக் கோடாகத் தூவும் பிளீச்சிங் பவுடரால் ஏறக்குறைய பலன் இல்லை, சேற்றில் பட்டதும் அதன் வீரியம் போய்விடும். அதே பவுடர் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் ஊரைக் காக்கும். பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற பயமும் சுனாமியின்போது பரவியது. கிடைத்த ஆதாரம் அதற்கு மாறானது. நோயைப் பரப்புவது உயிரோடிருப்பவர்களின் கழிவு கலந்த குடிநீர்தான்.

கொரோனா போல ஒன்று வந்தால் இதே பை போதுமா என்றால், பாதி போதும். மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., முகக்கவசம், தெர்மாமீட்டர், ஆக்ஸிமீட்டர் இரண்டுக்கும் பொது. வெள்ளத்தில் ஒன்றுகூட வேண்டும், தொற்றில் விலகியிருக்க வேண்டும், அதுதான் வித்தியாசம். ஆகவே வீட்டில் ஜன்னல் உள்ள எந்த அறையை நோயாளிக்கு ஒதுக்குவது, இரண்டு பெரியவர்களும் படுத்துவிட்டால் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற இரண்டை மட்டும் இப்போதே பேசி வையுங்கள். சுவாசத் தொற்றில் ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

தெருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியது குடும்பத்தாரும் பக்கத்து வீட்டாரும்தான். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கிய ரயிலின் பயணிகளுக்கு முதலில் சோறு கொண்டுவந்தது சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். அரசு வரும், வர வேண்டும், வராவிட்டால் கேட்க வேண்டும். ஆனால் முதல் பன்னிரண்டு மணி நேரம் தெருவின் கையில். உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர், ஆக்ஸிஜனில் இருப்பவர், தனியாக வாழும் முதியவர், கைக்குழந்தைக்காரர் யார் யார், அவர்கள் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழு நல்லதுதான், ஆனால் 2015இல் செல்போன் கோபுரங்கள் செயலிழந்த பிறகு தாளும் காலும்தான் உதவின. உங்கள் பெயரையும் கூச்சப்படாமல் அதில் சேருங்கள்: ‘கணவர் இரவுப் பணி, மாமியார் கைத்தடி’ என்று.

கடைசியாக, பை. முதுகில் மாட்டுவது ஒன்று, உங்களால் குழந்தையோடு சேர்த்துத் தூக்க முடிந்த எடை. ஒரு மாத மாத்திரைகள்; ஊசிகள்; குளுக்கோமீட்டர், அதன் ஸ்ட்ரிப் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் பட்டால் தப்பான எண் காட்டும். சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட், ஓ.ஆர்.எஸ்., குளோரின் மாத்திரை. முகக்கவசம், தெர்மாமீட்டர், ஆக்ஸிமீட்டர். டார்ச், பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ, பவர் பேங்க். நாப்கின், மாமியாருக்கு டயப்பர், மாற்றுத் துணி, எல்லோருக்கும் செருப்பு. ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள் பிளாஸ்டிக் உறையில். கொஞ்சம் சில்லறைப் பணம், ஏ.டி.எம். வேலை செய்யாது. 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 108 ஆம்புலன்ஸ், உங்கள் கணவர் எண், போய்ச் சேரும் வீட்டின் எண், எல்லாம் காகிதத்தில். போன் அணைந்தால் யாருக்கும் எண் நினைவிருக்காது. 9 வயதுப் பிள்ளைக்கு இந்த எண்களில் இரண்டையாவது மனப்பாடம் செய்து கொடுங்கள். இன்சுலினை மட்டும் முன்கூட்டியே பையில் வைக்க முடியாது, அது ஃபிரிட்ஜில் இருக்கும், அவசரத்தில் அதைத்தான் மறப்பார்கள். பையின் ஜிப்பில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள்: ‘ஃபிரிட்ஜில் இன்சுலின்’.